ஆரோக்கியத்தின் கைமாற்று

ஆரோக்கியண்ணனை யாராவது குறை சொன்னால் எனக்குப் பொறுக்காது. இருபது வருடமாக அப்படித்தான். போன ஜனவரியில், பொங்கல் முடிந்த அடுத்த வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்குத்தான் அவரைத் திட்டவேண்டும் என்று முதல்முறையாக எனக்கே தோன்றியது. ஆனால் வாயைத் திறக்க முடியவில்லை. அவர் செய்த அத்தனைக்கும் பக்கத்தில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் தேதி மாற்றிக் கொடுத்தவள் நான்தானே, எந்த முகத்தோடு திட்டுவது?

என் பெயர் செல்வகுமாரி. வில்லியனூரில் ரயில்வே ஸ்டேஷன் போகிற வழியில் இருக்கும் ஓர் உதிரிபாக டிப்போவில் வேலை. நெல் அறுக்கும் இயந்திரங்களுக்கு வேண்டிய பெல்ட், பேரிங், கத்தி, செயின் எல்லாம் எங்களிடம் கிடைக்கும். மங்கலத்திலிருந்து பாகூர் தாண்டி ஆற்றங்கரை வரை எந்த வயலில் வண்டி படுத்துக்கொண்டாலும் போன் எங்களுக்குத்தான் வரும். ஆர்டரைப் பதிவதும், சாமான் போன தேதியைப் போடுவதும் என் வேலை. கவுண்டர் ஆரோக்கியண்ணனுடையது. முதலாளி விஜயராஜ் எங்கள் இருவரையும் நம்பிக் கடையை விட்டுவிட்டுக் கல்யாணம், காதுகுத்து என்று ஒன்றுவிடாமல் போய்வருவார்.

அண்ணனின் அப்பா, அம்மா இரண்டு பேரும் அடுத்தவர் நிலத்தில் நட்டு, களையெடுத்து, அறுத்துப் பிழைத்தவர்கள். பத்தாவது முடித்ததும் மூட்டை இறக்குகிற ஆளாகத்தான் அண்ணன் டிப்போவுக்கு வந்தார். ஒரே வருடத்தில் எந்த அலமாரியில் எந்த பேரிங் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுகிற அளவுக்கு ஆனார். முதலாளியின் அப்பா அவரைக் கவுண்டரில் உட்கார வைத்தார். அந்தக் காலத்தில் அது லேசுப்பட்ட காரியமில்லை. பெரிய நிலக்காரர்கள் வந்து நிற்க, இவர் உட்கார்ந்துகொண்டு "இன்னா வேணும்" என்று கேட்க வேண்டும். முகத்தைச் சுளித்தவர்கள் உண்டு, வாசலோடு திரும்பிப் போனவர்களும் உண்டு. அண்ணன் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்ட சாமான் கேட்ட நேரத்துக்கு வயலில் இருக்கும்படி பார்த்துக்கொண்டார். இரண்டே பருவத்தில் அதே ஆட்கள் "ஆரோக்கியம் இருக்காரா" என்று மரியாதையாகப் போன் செய்தார்கள். அந்த "இருக்காரா"வுக்காக அண்ணன் உயிரையே கொடுப்பார் என்று நான் கிண்டல் செய்வேன். அவரும் சிரிப்பார்.

அவருக்கென்று ஒரு முறை இருந்தது. போன் வந்ததும் என்ன உடைந்தது என்று கேட்கமாட்டார். எந்த நிலம், கதிர் பழுத்துவிட்டதா, பச்சை இருக்கிறதா என்று கேட்பார். யார் வயல் இன்று அறுபடும், யார் வயல் இன்னும் எட்டு நாள் தாங்கும் என்று ஒரு கணக்கு அவர் தலைக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கும். அதை வைத்துத்தான் அவருடைய கைமாற்று நடக்கும். கைமாற்று என்றால் காசு இல்லை. ஒருவர் பெயருக்கு எடுத்து வைத்த பெல்ட்டை, இப்போதே வண்டி நின்றுபோன இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டு, அடுத்த லோடு வந்ததும் முதல் ஆளுக்கு அனுப்புவது. பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயர்ச் சீட்டை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு என்னைப் பார்ப்பார். நான் அந்த முதல் ஆளுக்குச் சாமான் போகும் தேதியைத் தள்ளி மாற்றிவிடுவேன். கையிருப்பில் ஐந்து பெல்ட்டை வைத்துக்கொண்டு ஐம்பது பெல்ட் இருக்கிற மாதிரி அவர் சமாளித்தது இப்படித்தான். பருவம் முழுக்க ஒரு நிலக்காரரும் காத்திருந்தேன் என்று சொன்னதில்லை.

சகாயராணி அவருடைய கூடப்பிறந்த தங்கை. சோரியாங்குப்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். நான்கு வருடத்துக்கு முன்பு அந்தத் தெருவுப் பெண்கள் பத்துப் பேர் குழுவாகச் சேர்ந்து சின்ன அறுவடை வண்டி ஒன்றை வாங்கினார்கள். சகாயராணிதான் அதற்குப் பொறுப்பு. அவள் வீட்டுக்காரர் சேவியர் வண்டி ஓட்டுவார், இவள் வேலை பேசுவாள். தங்கையைப் பற்றிப் பேச்செடுத்தால் அண்ணனுக்கு முகம் மலர்ந்துவிடும். தன் தங்கை ஒருநாளும் முகம் கோணமாட்டாள், அவசரத்துக்கு அவள் சாமானை எடுத்தால் ஒரு வார்த்தை கேட்கமாட்டாள் என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லுவார். நானும் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

போன வருடம் டிசம்பரில் முதலாளி ஒரு முடிவு எடுத்தார். இருப்பு வைப்பது, வண்டி அனுப்புவது, கொண்டுபோய்ச் சேர்ப்பது எல்லாவற்றையும் மெட்ராஸ் கம்பெனி ஒன்றிடம் ஒப்படைத்துவிடுவது. நாம் விற்பதைப் பார்ப்போம், கொண்டு போவதை அவர்கள் பார்க்கட்டும் என்றார். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு டெம்போ. அது காலை எட்டரைக்குப் பாகூர்ப் பக்கம் போனால் திரும்பிவரப் பன்னிரண்டு ஆகிவிடும். அதற்குள் திருக்கனூர்ப் பக்கம் ஒரு வண்டி நின்றால் அவ்வளவுதான். வெளியூர்க் கம்பெனிக்கு ஊருக்கு ஊர் கிடங்கு இருக்கிறது, பைக்கில் ஆள் இருக்கிறது, எந்தக் கிடங்கில் என்ன இருக்கிறது என்று ஒரே திரையில் தெரியும் என்று விளக்கினார். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. ஆரோக்கியண்ணனை வீட்டுக்கு அனுப்பத்தான் இத்தனை சுற்று என்று நினைத்தேன். மூன்று நாள் முதலாளிக்கு டீ கூட வாங்கித் தரவில்லை.

அந்தக் கம்பெனியிலிருந்து வந்தவள் அர்ச்சனா. இருபத்தைந்து வயது இருக்கும். தோளில் லேப்டாப் பை, கையில் தண்ணீர் பாட்டில், வந்ததும் எனக்கு "குட்மார்னிங் மேடம்". முதல் வாரம் அவளை நான் படுத்திய பாடு கொஞ்சமில்லை. கேட்ட நோட்டைத் தேடித் தராமல் இழுத்தடித்தேன், ஃபேனை என் பக்கம் திருப்பி வைத்தேன். அவள் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. ஆறு வருட ஆர்டர் விவரம் அத்தனையும் வேண்டும் என்றாள். எந்த மாதம் எந்தச் சாமான் எந்த ஊருக்கு எத்தனை போனது என்று தெரிந்தால்தான் எந்தக் கிடங்கில் எத்தனை வைப்பது என்று முடிவு செய்ய முடியுமாம். கேட்ட நாள், அனுப்பிய நாள் இரண்டையும் வரிசையாகக் கொடுக்கச் சொன்னாள். அப்படியானால் எங்கள் வேகம் என்னவென்று மெட்ராஸுக்கே தெரியட்டும் என்று நான் வீம்புக்கு உட்கார்ந்து, பழைய நோட்டுகளையும் கம்ப்யூட்டரில் இருந்ததையும் மொத்தமாக ஏற்றிக் கொடுத்தேன். ஆரோக்கியண்ணனைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். ஞாயிறு அன்று மழை என்று டிவியில் சொல்லிவிட்டார்கள். பழுத்த சம்பாவை வைத்துக்கொண்டு எல்லாரும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்த நேரம். காலை எட்டு மணிக்குச் சகாயராணியிடமிருந்து போன். அண்ணன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் போடுவார், நானும் கேட்டேன்.

"ணா, கதிரடிக்கிற டிரம் பெல்ட்டு அறுந்துபோச்சு. கண்ணையன் வயல்ல நிக்கிறோம். பன்னெண்டு மணிக்குள்ள வண்டி ஓடலன்னா ஆத்தூர் வண்டிய எறக்கிடுவேன்னு சொல்லிட்டாரு. எப்படியாச்சும் அனுப்புணா."

கண்ணையன் சோரியாங்குப்பத்தின் பெரிய நிலக்காரர். பதினான்கு காணி. ஆத்தூர் வண்டி என்றால் பருவத்துக்கு வெளியூரிலிருந்து வருகிற பெரிய வாடகை வண்டி. இந்தக் குழுவுக்கு அவர் வேலை கொடுப்பது இதுதான் முதல்முறை. நான்கு வருடமாக நடையாய் நடந்து, இந்தத் தடவைதான் சரி என்றிருக்கிறார். அவர் வயலில் வண்டி இறங்கிவிட்டால் மற்றவர்களும் கூப்பிடுவார்கள் என்று சகாயராணி பொங்கலுக்கு வந்தபோது என்னிடம் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டாள். எல்லாம் அண்ணனுக்கும் தெரியும். ஒரே ஒரு பெல்ட் இருக்கிறது, எட்டரை டெம்போவில் வருகிறது என்று தைரியம் சொல்லி போனை வைத்தார். பெட்டியை எடுத்து அவள் பெயரை எழுதி ஒட்டினார். நானும் பதிவு போட்டேன்.

எட்டு இருபதுக்குத் தமிழ்க்குமரன் போன் செய்தார். மங்கலம் பக்கத்துப் பெரிய புள்ளி. மூன்று வண்டி வைத்து வாடகைக்கு விடுகிறவர். அவருடைய ஒரு வண்டியில் அதே பெல்ட் போய்விட்டது. கத்தினார். மூன்று வண்டியில் ஒன்று நின்றால் குடியா முழுகிவிடும் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. அண்ணன் இரண்டு தடவை "சரிங்க, சரிங்க" என்றார். பிறகு பெட்டியை எடுத்து நகத்தால் சீட்டைச் சுரண்டினார்.

"நாளைக்கு மத்தியானம் மெட்ராஸ் லோடு வந்துடும். அவ சமாளிச்சுக்குவா. நம்ம பொண்ணுதானே."

நான் தேதியை மாற்றினேன். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. கண்ணையன் வயல், பன்னிரண்டு மணி என்று சகாயராணி சொன்னதை என் இரண்டு காதாலும் கேட்டுவிட்டு, இருபது நிமிடம் கழித்து அதே கையால் மாற்றினேன். கை தானாகப் போனது. தங்கைக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள் என்று கூட எனக்குத் தோன்றவில்லை. அவரும் சொல்லவில்லை. அவளுக்கு மட்டும் அவர் எப்போதுமே சொல்வதில்லை. டெம்போவில் சாமான் வராவிட்டால் அவளாகவே புரிந்துகொள்வாள் என்பது எங்கள் டிப்போவில் எழுதாத சட்டமாக இருந்தது.

பத்து மணிக்கு முதலாளி எங்களைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அர்ச்சனா அன்று காலைப் பதிவு வரை ஆறு வருடத்தையும் போட்டு அலசி முடித்திருந்தாள். லேப்டாப்பை எங்கள் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, தமிழ்நாடு முழுக்கப் பதினேழு டிப்போவைத் தங்கள் கம்பெனி பார்த்துக்கொள்கிறது, அறுவடைக் காலத்தில் இவ்வளவு வேகமாக எங்கும் பார்த்ததில்லை என்றாள். கேட்ட அன்றே சாமான் போய்ச் சேர்ந்த ஆர்டர்கள் நூற்றுக்கு எண்பத்தாறு. எனக்கு மனசு குளிர்ந்துபோனது. நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள் என்பதுபோல முதலாளியைப் பார்த்தேன். அண்ணன் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் அந்தப் பெண், ஒரே ஒரு சந்தேகம், தட்டச்சு செய்ததில் தப்பு இருக்கலாம் என்றாள். என் பதிவில் தப்பு வராது என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன். அவள் இன்னொரு பக்கத்தைத் திறந்தாள். தாமதமாகப் போன ஆர்டர்கள் மட்டும் தனியாக இருந்தன. நூற்றுக்குப் பதினான்குதான். ஆனால் அந்தப் பதினான்கும் கிட்டத்தட்ட ஒரே ஏழெட்டுப் பேருடையவை. எல்லாருக்கும் மேலே, முதல் வரியில், சோரியாங்குப்பம், சகாயராணி. நான்கு வருடத்தில் முப்பத்தொரு ஆர்டர். அதில் இருபத்துமூன்று தள்ளிப்போடப்பட்டவை. சராசரியாக ஆறு நாள்.

"இவங்க ஏதாச்சும் பிரச்சன பண்ற கஸ்டமரா சார்? அதனால வேணும்னே லேட் பண்றீங்களா?" என்று அர்ச்சனா கேட்டாள். கள்ளமில்லாமல்தான் கேட்டாள்.

 முதலாளிதான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னார்.

"அவரோட தங்கச்சிமா."

 இருபத்துமூன்று. மாற்றியபோதெல்லாம் அது ஒன்றுதான், ஏதோ ஒரு நாள், ஏதோ ஓர் அவசரம். ஒரு நாளும் நான் கூட்டிப் பார்த்ததில்லை. கீழே இருந்த பெயர்களைப் பார்த்தேன். மணியம்மாள், அண்ணனின் பெரியம்மா மகள். முத்துசாமி, அவர் பிறந்த தெரு. குழந்தைவேல், அதே தெரு. அப்புறம் அவர் மச்சினன். தமிழ்க்குமரன் பெயரைத் தேடினேன், தாமதப் பட்டியலில் அவர் பெயர் ஓர் இடத்தில் கூட இல்லை. எங்கள் வேகம் எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. நிலக்காரர்கள் ஒருவர்கூடக் காத்திருக்காமல் இருந்ததற்காக, அண்ணனின் சொந்த சனம் மொத்தமும் வயல் வரப்பில் காத்துக் கிடந்திருக்கிறது. சத்தம் போடுகிறவனுக்குச் சாமான் போயிருக்கிறது. சத்தம் போடாதவர்கள் யாரென்றால், எங்கள் ஆரோக்கியண்ணன் ஆயிற்றே என்று நம்பியவர்கள்.

அண்ணன் அந்த முதல் வரியைத் திறந்து தேதிகளைக் காட்டச் சொன்னார். ஒவ்வொரு தேதியாக வாய்க்குள் படித்தார்.  "இத்தன தடவையா" என்று என்னைத்தான் கேட்டார்.  பட்டியலின் கடைசி வரி அன்றைய தேதி. காலை எட்டு இருபத்தைந்து. அதில் அவர் விரல் நின்றது. சுவரில் மணியைப் பார்த்தார், பத்து ஐம்பது. அவர் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

முதலில் தமிழ்க்குமரனுக்குத்தான் போன் போட்டார். பெல்ட்டை மாட்டி வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது, கழற்றித் தர எனக்கென்ன பைத்தியமா என்று அந்த ஆள் சிரித்தார். இருபது வருடம் கேட்ட நேரத்துக்குக் கொடுத்தவருக்கு அதுதான் கிடைத்த பதில். கண்ணையனைக் கூப்பிட்டார். ஒரு மணி நேரம் பொறுங்கள் என்று கெஞ்சினார். அண்ணன் கெஞ்சி நான் பார்த்ததே இல்லை.

"பன்னெண்டுன்னா பன்னெண்டுதான் ஆரோக்கியம். மேகத்த பாத்தியா நீ?" என்றது ஸ்பீக்கர். சகாயராணி போனை எடுக்கவே இல்லை.

அர்ச்சனாவுக்கு விஷயம் மெதுவாகத்தான் புரிந்தது. புரிந்ததும் லேப்டாப்பில் தட்டினாள். சோரியாங்குப்பத்திலிருந்து கடலூர் எவ்வளவு தூரம் என்று கேட்டாள். ஆற்றைத் தாண்டினால் அரை மணி நேரம் என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. கடலூரில் அவர்கள் கிடங்கில் இதே பெல்ட் நான்கு இருக்கிறதாம். கடலூர் தமிழ்நாடு, எங்களுக்கு வேறு மாநிலம், வேறு டீலரின் எல்லை. தவித்த வாய்க்குத் தண்ணீர் பக்கத்து வீட்டில் இருக்க, இத்தனை வருடம் அந்தப் பெண்களை வில்லியனூர் டெம்போவுக்குக் காத்திருக்க வைத்திருக்கிறோம். இது ஒருவருக்கும் தோன்றவில்லை. அவள் போனிலேயே பேசி, பில்லை அனுப்பி, பைக்கில் ஆளைக் கிளப்ப மணி பதினொன்று நாற்பது ஆகிவிட்டது. பாலத்தில் நெரிசல் இல்லாமல் இருந்தால் பன்னிரண்டேகாலுக்கு வயலில் இருப்பான் என்றாள். கால் மணி நேரம் தானே, கண்ணையன் பொறுத்துக்கொள்வார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அண்ணன் பைக் சாவியைத் தேடினார். சாவி அவர் கையிலேயே இருந்தது. அந்த நிலையில் அவரை வண்டி ஓட்டவிட எனக்கு மனம் வரவில்லை. என் ஸ்கூட்டியில் பின்னால் உட்காரச் சொன்னேன். மறுபேச்சு இல்லாமல் உட்கார்ந்தார். கரிக்கலாம்பாக்கம் தாண்டினோம். பாகூர் ஏரிக்கரையில் போகும்போதுதான், பின்னாலிருந்து, தங்கை கல்யாணத்துக்குத் தான் லீவு போட்டதே அரை நாள்தான் என்றார், அன்று மத்தியானம் யாருக்கோ கத்தி அனுப்ப வேண்டியிருந்ததாம்.  கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வயல் மஞ்சளாக இருந்தது. தெற்கே வானம் கறுத்திருந்தது.

சோரியாங்குப்பத்தில் நாங்கள் வண்டியை நிறுத்தும்போதே சத்தம் கேட்டது. அறுவடை வண்டிச் சத்தம். அண்ணன் முகம் ஒரு நொடி விரிந்தது. பெல்ட் வந்து மாட்டிவிட்டார்கள் என்று நானும் நினைத்தேன். வாய்க்கால் மேட்டில் ஏறிப் பார்த்தோம். கண்ணையன் வயலின் நடுவில் பெரிய ஆத்தூர் வண்டி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாவது சுற்றில் இருந்தது.

குழுவின் சின்ன வண்டி வரப்போரம் நின்றது. பெண்கள் ஏழெட்டுப் பேர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். சேவியர் கருவிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். சகாயராணி வண்டியின் படியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் பிரிக்காத பெல்ட்.

எப்போது வந்தது என்று அண்ணன் கேட்டார். இப்போதுதான், பன்னிரண்டு இருபதுக்கு, ஆத்தூர் வண்டி பன்னிரண்டு ஐந்துக்கே இறங்கிவிட்டது என்றாள். குரலில் கோபம் இல்லை. நேரம் சொன்னாள், அவ்வளவுதான். 

"காலையில உனுக்குன்னுதாம்மா எடுத்து வெச்சேன். பேரு கூட எழுதி ஒட்னேன். அதுக்குள்ள..."

"தமிழ்க்குமரனுக்குக் குடுத்துட்ட."

 யார் சொன்னது என்று அண்ணன் கேட்டார். டெம்போ டிரைவர் என்றாள். அவர் எப்போதும் சொல்லிவிடுவார், யாருக்குப் போனது என்று. நான்கு வருடமாகவா என்று கேட்டார். ஆமாம் என்று தலையசைத்தாள். நான்கு வருடமாக ஒவ்வொரு தடவையும், இன்னாருக்காகத்தான் தன்னுடையது போனது என்று பெயரோடு தெரிந்துகொண்டு, அடுத்த நாள் போன் செய்து, "எப்ப வரும்ணா" என்று மட்டும் கேட்டிருக்கிறாள். அந்த போன்களை நானும் கேட்டிருக்கிறேன். என்ன ஒரு நல்ல பெண் என்று மெச்சியிருக்கிறேன்.

"என்னை ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் இல்லம்மா?"

"கேட்டா இன்னா சொல்லியிருப்ப? நம்ம பொண்ணு, கொஞ்சம் பொறுத்துக்கோன்னு சொல்லுவ. அதுக்கு எதுக்குணா கேக்கணும்?"

"நான் வேணும்னு செய்யலம்மா."

"தெரியும்ணா. வேணும்னு செஞ்சிருந்தா உன் கடைக்கே வந்து சண்ட போட்டிருப்பேன். நீ என்னை நெனைக்கவே இல்ல."

ஆத்தூர் வண்டி எங்கள் பக்கம் திரும்பி வந்தது. தூசியும் வைக்கோலும் முகத்தில் அடித்தது.  கண்ணையன் எதிர்க்கரையில் குடை பிடித்து நின்றார், இந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. அடுத்த பருவத்துக்கு அவர் இந்தக் குழுவைக் கூப்பிடமாட்டார் என்று அங்கே இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். அவருடைய பதினான்கு காணி போனதோடு, அவரைப் பார்த்துக் கூப்பிட இருந்தவர்களும் போனார்கள். அண்ணன் வயல் பக்கம் இரண்டு எட்டு வைத்தார், பிறகு நின்றார். நான் பேசிப் பார்க்கிறேன் என்றார். வேண்டாம் என்றாள் தங்கை. ஓடுகிற வண்டியை யாரும் நிறுத்தமாட்டார்கள், நீ கேட்டால் இன்னும் கேவலம் என்றாள். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. துடைத்துக்கொள்ளக்கூட அவருக்குத் தெரியவில்லை.

நான் என் பங்குக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்று பக்கத்தில் போனேன். தேதியை மாற்றினது நான்தான் சகாயராணி என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குத் திட்டு வாங்கியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் பெல்ட் உறையின்மேல் இருந்த கடலூர் ஸ்டிக்கரைக் காட்டினாள். அதில் அவள் பெயர் அச்சாகி இருந்தது.

"இத அனுப்பிச்ச பொண்ணு நம்பர் உங்கிட்ட இருக்குதாக்கா? இனிமே ஆர்டர அவங்ககிட்டயே போட்டுடறேன். அவங்க கம்ப்யூட்டர்ல நான் யாரு தங்கச்சின்னு இருக்காது இல்ல."

அதை அவள் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அடுத்த வேலையைப் பற்றி யோசித்துச் சொன்னாள்.  போனை எடுத்தேன், எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது, முதல் இரண்டு எண்ணுக்கு மேல் குரல் எழும்பவில்லை.

ஆரோக்கியண்ணன் சட்டைப் பையிலிருந்து தன் போனை எடுத்தார். கையை நீட்டித் தள்ளிப் பிடித்துக்கொண்டு, மீதி எட்டு எண்ணையும் ஒவ்வொன்றாகப் படித்தார். அவள் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிப் பதிந்துகொண்டாள். கடைசி எண் சரிதானா என்று ஒருமுறை அவரிடம் கேட்டாள். சரிதாம்மா என்றார்.